அடிமாடுகள் எல்லை தாண்டும்போது: நோய்த் தடுப்பு விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறைச்சிக்காக ஆடு, மாடு, பன்றிகளை உயிரோடு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிறவர்களும், வாங்குகிறவர்களும், நடுவில் லாரி ஓட்டுகிறவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. படிவங்களின் பெயரும் விதிகளின் எண்ணும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றின் பின்னால் இருக்கும் காரணம் மாறாது. அதனால் இங்கே காரணத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எப்படியும் வெட்டப்போகிற மாடுதானே? அதற்கு எதற்கு இத்தனை சோதனை?

கேட்பவர் மாட்டை நினைத்துக் கேட்கிறார். விதியை எழுதியவர் நினைத்தது அதன் மூச்சையும் எச்சிலையும் சாணத்தையும். வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் கோமாரி கண்ட மாடு, போகும் வழியெல்லாம் நோயைப் பரப்பிக்கொண்டே போகக்கூடும். ஏற்றிய பண்ணை, நின்ற சந்தை, ஓய்வெடுத்த பட்டி, எல்லைச் சாவடி, லாரியின் தரைப்பலகை, ஓட்டுநரின் பூட்ஸ் என்று அது தொட்ட இடமெல்லாம் நோய்க்கு வழி. இறைச்சிக்கூடத்தின் கத்தி அந்த மாட்டின் கதையை முடிக்கிறது. வழியில் அது விட்டுவந்ததை முடிப்பதில்லை.

சோதனை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலரும் வெளியே சொல்லத் தயங்குவார்கள். 'அறுப்புக்கு' என்பது காகிதத்தில் எழுதிய ஒரு நோக்கம் மட்டுமே. எல்லை தாண்டியபின் ஒருவர் மனம் மாறி, நல்ல விலை தருகிற பண்ணைக்கு அந்த ஆடுகளைத் திருப்பிவிட்டால், தளர்த்திய விதிகளோடு உள்ளே வந்த ஆடு அங்குள்ள மந்தையோடு நிற்கும். இந்தப் பக்கத்தில் உள்ள விதிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு திருப்பத்தைத் தடுக்கத்தான்.

வளர்ப்புக்குப் போகும் மாட்டுக்கும் அறுப்புக்குப் போகும் மாட்டுக்கும் விதியில் என்ன வேறுபாடு?

உலக விலங்கு நலவாழ்வு அமைப்பின் விதித்தொகுப்பு, அறுப்புக்கான விலங்கு என்பதைக் குறுகிய காலத்துக்குள், கால்நடைத் துறையின் கட்டுப்பாட்டில் அறுக்கப்படவிருக்கும் விலங்கு என்று வரையறுக்கிறது. 'குறுகிய காலம்', 'கட்டுப்பாடு' ஆகிய இரண்டு சொற்களில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது.

வளர்ப்புக்கோ இனப்பெருக்கத்துக்கோ போகும் மாடு புதிய மந்தையில் பல ஆண்டுகள் வாழப்போகிறது. எனவே காசநோய்க்கும் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸுக்கும் தனித்தனிச் சோதனை, வாரக்கணக்கில் தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. இவை மெதுவாகப் பரவும் நோய்கள். சில நாட்களில் அறுபடும் விலங்கிடம் இவற்றுக்கான சோதனையைப் பல நாடுகள் கேட்பதில்லை. ஆனால், நோய் ஒழிப்புத் திட்டத்தில் 'நோயுள்ளது' என்று கழித்துக்கட்டிய மாட்டை அடிமாடு என்று சொல்லி அடுத்த நாட்டுக்கு அனுப்ப முடியாது. அதில் சலுகை இல்லை.

கோமாரி போல் காட்டுத்தீயாகப் பரவும் நோய்களில் இந்தச் சலுகை அனேகமாக மறைந்துவிடும். அங்கே நாள்கணக்கே ஆபத்து.

எந்த நோய்களைப் பார்த்து இவ்வளவு பயம்?

கோமாரி முதலிடம். அடுத்து ஆட்டுக்கொல்லி நோய், தோல் கழலை நோய், நீலநாக்கு நோய், பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் சாதாரணப் பன்றிக் காய்ச்சலும். ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலிருந்து அரபு நாடுகளுக்குப் போகும் ஆடு மாடுகளில் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் பெரிய கவலை. 2000இல் அந்நோய் முதல் முறையாக ஆப்பிரிக்காவுக்கு வெளியே, சவுதி அரேபியாவிலும் ஏமனிலும் வெடித்தது. மனிதர்களும் இறந்தார்கள். அதையடுத்துச் சவுதி விதித்த தடை 2009 வரை நீடித்தது. கால்நடையை விற்றே வாழும் சோமாலிய மேய்ப்பர்களுக்கு அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றும் இல்லை. திருகுப்புழு ஈ கால்நடையின் புண்ணில் முட்டையிடும். பொரிந்த புழு உயிருள்ள சதையைத் தின்னும். அந்த ஈயை அஞ்சித்தான் 2024 நவம்பரில் அமெரிக்கா மெக்சிகோ மாடுகளுக்கு எல்லையை மூடியது. 2025 பிப்ரவரியில் திறந்து, மே மாதம் மறுபடியும் மூடியது.

இந்த விதிகளை யார் வகுக்கிறார்கள்?

1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் வழியாகச் சென்றன. அவற்றோடு மாட்டுக் கொள்ளைநோயான வெக்கை நோயும் இறங்கியது. மாடுகள் பெல்ஜியத்தில் இருக்க வந்தவைகூட அல்ல, வழிப்போக்கர்கள். அந்த அதிர்ச்சியில் நாடுகள் கூடிப் பேசி, 1924இல் 28 நாடுகள் சேர்ந்து பாரிஸில் நிறுவியதுதான் இன்றைய உலக விலங்கு நலவாழ்வு அமைப்பு. வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதனால் பிறந்த அமைப்பு நிலைத்துவிட்டது.

அமைப்பு வகுப்பது அளவுகோல். சட்டம் போடுவது அந்தந்த நாடு. அளவுகோலைவிடக் கடுமையாகச் சட்டம் போட்டால் அதற்கு அறிவியல் காரணம் காட்ட வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் 1995ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொல்கிறது. நோயைச் சாக்காக வைத்து உள்ளூர் வியாபாரிகளைக் காப்பாற்றும் பழக்கம் எல்லா நாடுகளுக்கும் உண்டு என்பதால் வந்த ஏற்பாடு அது.

புறப்படும் முன் என்ன நடக்கும்?

ஒவ்வொரு விலங்குக்கும் காது வில்லை இருக்க வேண்டும். அதன் எண் சான்றிதழில் இருக்க வேண்டும். வந்த பண்ணையைச் சுற்றி, நோய்க்கேற்பக் குறித்த தொலைவில், குறித்த நாட்களாக நோய் இல்லை என்று பதிவு வேண்டும். பிறகு அரசுக் கால்நடை மருத்துவர் நேரில் பார்ப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது புறப்படுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். சான்றிதழ் 10 நாள் செல்லும்.

'நேரில் பார்ப்பது' என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விடிகாலையில், கைவிளக்கு வெளிச்சத்தில், 400 செம்மறிகள் நெருக்கியடித்து நிற்கும் பட்டி. முதலில் வெளியே நின்று நடையைப் பார்க்க வேண்டும். ஏதாவது நொண்டுகிறதா, தனியே ஒதுங்கி நிற்கிறதா, அசை போடாமல் தலை தொங்குகிறதா? பிறகு சந்தேகப்பட்டதைப் பிடித்து மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்க வேண்டும். ஆட்டுக்கு மேலே முன்பற்கள் கிடையாது. அங்கே கெட்டியான ஈறு மெத்தைதான் இருக்கும். அந்த மெத்தையில் பயறளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தால், செம்மறியில் கோமாரி காட்டும் முகம் அவ்வளவுதான். முள் குத்தினாலும் அப்படித்தான் இருக்கும். சில நாளில் ஆறியும்விடும். நான்கு குளம்பிடுக்கையும் பிரித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆடு. வெளியே லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். கப்பலுக்கு நேரமாகிறது என்று ஒருவர் கடிகாரத்தைக் காட்டுவார்.

மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகும் நோய் எப்படித் தப்பிப் போகிறது?

மேலே சொன்னது பாதிக் காரணம். மீதி, நோய் அரும்பும் காலம். கோமாரிக்கு அது 2 நாளிலிருந்து 14 நாள்வரை. புண் தெரிவதற்கு முன்பே விலங்கு வைரஸை வெளியே விடத் தொடங்கிவிடும். இன்று காலை நலமாக இருந்தது என்ற சான்று முழு உண்மையாகவே இருக்கலாம், நாளை மாலை அதே ஆடு நோயாளியாகவும் இருக்கலாம்.

பன்றி மூச்சில் ஏராளமான வைரஸை வெளியேற்றும். மாடு கொஞ்சம் சுவாசித்தாலே பிடித்துக்கொள்ளும். செம்மறி வெளியே காட்டாமல் சுமந்து திரியும். மூன்றும் ஒரே சந்தையில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றே கூட்டிப்போவதும் உண்டு: 1981இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்து கடல் தாண்டி ஜெர்சி தீவுக்கும் வைட் தீவுக்கும் கோமாரி வந்து சேர்ந்தது.

எனவே சான்றிதழை நான் ஒரு சல்லடையாகத்தான் பார்க்கிறேன். பெரியதை நிறுத்தும், சிறியதை விட்டுவிடும். அதனால்தான் அதற்கு அடுத்து இன்னும் மூன்று நான்கு சல்லடைகள்.

ஆவணத்தில் எழுதிய இறைச்சிக்கூடத்துக்குப் பதில் வேறு இடத்தில் இறக்கினால் என்ன பெரிய தவறு?

இதற்கு 2001இல் வட அயர்லாந்து கொடுத்த விலையைச் சொன்னால் போதும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளைப் பார்த்த மருத்துவருக்குக் கோமாரி என்று சந்தேகம் வந்தது. மறுநாள் உறுதியானது. 23ஆம் தேதி நாடு முழுவதும் கால்நடை நடமாட்டத்தை நிறுத்தினார்கள். ஆனால் நோய் உறுதியாவதற்கு முன்பே குறைந்தது 57 இடங்களில் அது புகுந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. வடக்கே ஹெக்சம், லாங்டவுன் சந்தைகளில் கைமாறிய செம்மறிகள் அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தன.

அந்தச் சந்தைவழி வந்த ஒரு தொகுதிச் செம்மறி, உடனடி அறுப்புக்கு என்ற சான்றோடு வட அயர்லாந்துக்குக் கடல் தாண்டியது. அவற்றில் ஒரு பகுதி இறைச்சிக்கூடத்துக்குப் போகாமல் தெற்கு ஆர்மா பகுதியில் மீ என்ற ஊரின் பண்ணையில் இறங்கியது. மார்ச் 1 அன்று அங்கே கோமாரி உறுதியானது. மார்ச் 22 அன்று, அருகிலுள்ள எல்லைக்கு அப்பால், அயர்லாந்து குடியரசின் லவுத் கவுண்டியிலும் வந்துவிட்டது. நேராக இறைச்சிக்கூடத்துக்குப் போயிருந்தால் அந்த ஆடுகள் அன்றே இல்லாமல் போயிருக்கும். கைக்கு வந்தது ஆட்டுக்கு இத்தனை என்ற சிறு லாபம்தான். பிரிட்டனில் அந்த ஆண்டு முழுவதும் கொன்று புதைத்த, எரித்த விலங்குகள் 60 லட்சத்துக்கும் மேல்.

இதனால்தான் பல நாடுகளில் லாரிக் கதவுக்கு அரசு முத்திரை. அமெரிக்காவுக்குள் அறுப்புக்கு வரும் மாடுகளின் லாரியில் எல்லையில் சீல் வைப்பார்கள். அதிகாரம் பெற்றவர் தவிர வேறு யாரும் அதை உடைக்கக் கூடாது. இறங்கும் இடத்தில் எண்ணிப் பார்த்து, புறப்பட்ட இடத்துக்கும் தகவல் போகும். ஓர் எண்ணிக்கை குறைந்தாலும் தேடுவார்கள். அது கெடுபிடி அல்ல.

வழியில் இறக்கித் தண்ணீர் காட்டி, ஓய்வு கொடுக்கலாமா?

நெடும்பயணத்தில் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். அது விலங்கின் நலனுக்காக. ஆனால் நோய்த் தடுப்புக் கண்ணோடு பார்த்தால், பல நாட்டு மந்தைகள் ஒரே பட்டியில் மாறி மாறி நிற்கும் இடத்தைவிட ஆபத்தான இடம் வேறில்லை. இரண்டு நல்ல விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. இதற்குச் சுலபமான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே 2001இல் அயர்லாந்திலிருந்து நெதர்லாந்துக்குப் போன கன்றுகள் பிரான்சின் மயேன் பகுதியில் ஓர் ஓய்விடத்தில் இறங்கின. பிரிட்டனிலிருந்து வந்த செம்மறிகளும் அங்கே தங்கியிருந்தன. கன்றுகள் கிளம்பிய பண்ணையிலும் நோய் இல்லை, போன பண்ணையிலும் அதுவரை இல்லை. நெதர்லாந்தில் மார்ச் 21 அன்று கோமாரி உறுதியானது, அடங்குவதற்குள் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அங்கீகாரம் பெற்ற ஓய்விடத்தில் மட்டும், ஒரு தொகுதி போனபின் கழுவிக் கிருமி நீக்கி, ஒரே நலநிலை கொண்ட மந்தைகளை மட்டும் அனுமதித்துத்தான் இறக்கலாம். தெரிந்தவர் தோட்டம், நிழல் நன்றாக இருக்கிறது என்று இறக்குவது கூடவே கூடாது.

வந்து சேர்ந்த பின் எத்தனை நாளுக்குள் அறுக்க வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், இறைச்சிக்கூடம் சேர்ந்து 72 மணி நேரத்துக்குள். அமெரிக்காவில் 'உடனடி அறுப்பு' என்பதற்கு நாட்டுக்குள் நுழைந்து இரண்டு வாரத்துக்குள் என்று பொருள். 'உடனடி' என்ற ஒரே சொல் இவ்வளவு நீளமாகவும் குட்டையாகவும் இருக்கிறது. உங்கள் சரக்கு போகும் நாட்டின் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாரியைக் கழுவுவதில் ஏன் இத்தனை பிடிவாதம்?

1997இல் நெதர்லாந்துப் பன்றிப் பண்ணைகளில் பன்றிக் காய்ச்சல் பரவியது. ஜெர்மனிக்குப் போய்வந்த, சரியாகக் கழுவாத ஒரு லாரிதான் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் கணிப்பு. 429 பண்ணைகளில் நோய். நோயாலும், நடமாட்டத் தடையால் இடமில்லாமல் போனதாலும் கொல்லப்பட்ட பன்றிகள் சுமார் 1 கோடி.

கழுவுவதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சாணம் அப்பியிருக்கும் தரையின் மேல் கிருமிநாசினியைத் தெளிப்பது. மருந்தின் வீரியத்தைச் சாணம் தின்றுவிடும். அடியில் வைரஸ் சுகமாக இருக்கும். முதலில் வைக்கோலையும் சாணத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு சோப்பு நீர், பிறகு அலசல், நீர் வடிந்தபின்தான் மருந்து. பலகை இணையும் இடுக்கு, சாய்வுப் பலகையின் அடிப்பக்கம், சக்கர வளைவு, ஓட்டுநர் கால் வைக்கும் மிதி ஆகியவற்றில்தான் மிச்சம் ஒளிந்திருக்கும். கோமாரி வைரஸுக்கு விலை உயர்ந்த மருந்துகூடத் தேவையில்லை. அதிகப் புளிப்பையும் அதிகக் காரத்தையும் அது தாங்காது. 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலே போதும். ஆனால் எல்லா நோய்க்கும் சோடா போதாது. சான்றிதழில் எந்த மருந்து என்று இருக்கிறதோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எல்லையில் நிராகரித்துவிட்டால் விலங்குகள் என்ன ஆகும்?

லாரியென்றால் திரும்பலாம். சில நேரம் அதுவும் முடியாது: புறப்பட்ட நாடே, வெளியே போய்வந்த விலங்கை உள்ளே விட மறுக்கும். கப்பலென்றால் நிலைமை மோசம்.

2003 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 57,000 செம்மறிகளோடு 'கோர்மோ எக்ஸ்பிரஸ்' சவுதி அரேபியாவுக்குப் போனது. உதட்டில் பொருக்குத் தட்டும் ஒரு நோய், அனுமதித்த 5 சதவீதத்தைத் தாண்டி 6 சதவீத ஆடுகளுக்கு இருக்கிறது என்று சவுதி மறுத்தது. இல்லை என்றது ஆஸ்திரேலியா. வேறு நாடுகளும் வாங்கத் தயங்கின. மறுக்கப்பட்ட சரக்கு என்ற பெயர் வந்துவிட்டதல்லவா. கடைசியில் அக்டோபர் இறுதியில் எரித்திரியா ஏற்றுக்கொண்டது. அதற்குள் 5,000க்கும் மேற்பட்ட ஆடுகள் கப்பலிலேயே இறந்திருந்தன.

2020 டிசம்பரில் ஸ்பெயினிலிருந்து கிளம்பிய 'கரீம் அல்லா' கப்பலின் மாடுகளுக்கு நீலநாக்கு நோய் என்ற சந்தேகம். மத்தியதரைக் கடலில் அலைந்து இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து, கிளம்பிய ஸ்பெயினுக்கே திரும்பியது. 850க்கும் மேற்பட்ட மாடுகளை அங்கே கொன்றார்கள். நீலநாக்கு நோய் மாட்டிலிருந்து மாட்டுக்கு நேரே தொற்றுவதில்லை. கடிக்கும் மிகச்சிறு ஈ ஒன்றுதான் பரப்புகிறது. அது மாடுகளுக்குப் பயன்படவில்லை.

ஏற்றுமுன்பே, மறுக்கப்பட்டால் எங்கே போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'அப்படி ஆகாது' என்பது பதில் அல்ல.

ஒரு நாட்டில் நோய் வந்தால் மொத்த நாட்டுக்கும் தடையா? எவ்வளவு காலம்?

முன்பெல்லாம் அப்படித்தான். இப்போது நோய் கண்ட வட்டாரத்தை மட்டும் பிரித்து அடைப்பதை விதிகள் ஏற்கின்றன. ஐரோப்பாவில் கோமாரி கண்ட பண்ணையைச் சுற்றிக் குறைந்தது 3 கிலோமீட்டர் காப்பு வளையம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையம். ஆனால் அண்டை நாடு அதை நம்பினால்தான் வியாபாரம். 2025 ஜனவரி 10 அன்று ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் ஒரு சிறு எருமை மந்தையில் கோமாரி தெரிந்தது, 1988க்குப் பிறகு முதல் முறை. பல நாடுகள் மொத்த ஜெர்மனிக்கும் கதவைச் சாத்தின. மார்ச்சில் ஹங்கேரியிலும் ஸ்லோவாகியாவிலும் வந்தபோது ஆஸ்திரியா சிறிய எல்லைச் சாலைகள் இருபதுக்கு மேல் மூடியது.

தடுப்பூசி போடாமல், நோய் கண்டவற்றை அழித்த நாடு கடைசி அழிப்பிலிருந்து 3 மாதத்தில் 'நோயற்ற' நிலையைத் திரும்பக் கேட்கலாம். தடுப்பூசி போட்டு விலங்குகளை வாழவிட்டால் 6 மாதம். இந்த மூன்று மாத வித்தியாசத்துக்காக, நோயில்லாத, ஊசி போட்ட விலங்குகளையும் கொன்றுவிடுவார்கள். கணக்கு சரிதான்; பார்க்கச் சகிக்காது.

தடுப்பூசி போட்ட மாடென்றால் கவலை இல்லையே?

கோமாரி வைரஸில் ஏழு வகை. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. (அவற்றில் 'சி' வகையை 2004க்குப் பின் எங்கும் காணவில்லை.) ஊசி போட்ட மாடு நோயுறாமலே தொண்டையில் வைரஸைச் சுமக்கவும் கூடும். ஊசியால் வந்த எதிர்ப்பையும் நோயால் வந்த எதிர்ப்பையும் பிரித்துக்காட்டும் ரத்தச் சோதனை இருக்கிறது. அதைக் கேட்கும் நாடுகளுக்கு ஊசிச் சான்று மட்டும் காட்டினால் ஏற்கமாட்டார்கள்.

உயிரோடு இழுத்துக்கொண்டு போவதைவிட இறைச்சியாக அனுப்பினால் என்ன?

நோய்க் கண்ணோட்டத்தில் அதுவே மேல் என்பதுதான் என் கருத்து. அறுத்த மாட்டின் தசையில் புளிப்பு ஏறி அமிலநிலையைக் காட்டும் pH அளவு 6க்குக் கீழே வரும்போது கோமாரி வைரஸ் அங்கே சாகிறது. எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டிகளிலும் அந்தப் புளிப்பு ஏறாது. அதனால்தான் எலும்பும் கட்டிகளும் நீக்கி, 2 டிகிரிக்கு மேல் குறைந்தது 24 மணி நேரம் பதப்படவைத்த இறைச்சியை, நோய் உள்ள நாட்டிலிருந்தும் வாங்கச் சில வழிகள் திறந்திருக்கின்றன. ஆனால் குளிர்சாதன வசதி இல்லாத சந்தைகளும், கண்முன் அறுத்ததை மட்டும் வாங்குவோரும், சமயக் கடமையாக உயிருள்ள விலங்கு தேவைப்படுவோரும் இருக்கும்வரை உயிர்ப் பயணம் நிற்காது.

இந்த நோய்கள் மனிதருக்கு வருமா?

கோமாரி அனேகமாக வராது. இங்கே சொன்ன இரண்டு பன்றிக் காய்ச்சல்களும் வரவே வராது (மனிதருக்கு வரும் H1N1 பன்றிக் காய்ச்சல் வேறு). அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), புருசெல்லோசிஸ், ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் ஆகியவை வரும். அறுப்பவர்களையும் கையாள்பவர்களையும்தான் முதலில் பிடிக்கும். கையுறை போடச் சொன்னால் சிரிக்காதீர்கள்.

பயணத்தில் ஒரு விலங்கு செத்துவிட்டால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்?

வழியோரம் இறக்கிப் போடக் கூடாது. சீலை உடைக்கக் கூடாது. அனுப்பியவருக்கும், சேருமிடத்து மருத்துவருக்கும் உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். சில நாடுகளில் அருகிலுள்ள கால்நடை அலுவலகத்துக்கும். இறந்ததோடு வாய்நுரை, நொண்டல், மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் என்று எது தெரிந்தாலும் அதையும் சொல்ல வேண்டும். ரத்தம் கசியும் பிணம் அடைப்பானாக இருக்கலாம்; அதை அறுத்துப் பார்க்கவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் செத்ததையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். புறப்பட்டபோது 62 காது வில்லைகள் என்றால், இறங்கும்போதும் 62 இருக்க வேண்டும்.